எங்களுக்குப் பின் யார்?

பசுவின் கன்று பிறந்த சில மணி நேரத்திற்குள் எழுந்து நின்று தாயின் மடியைத் தேடிச் செல்கிறது. மனிதக் குழந்தை தானாக நடப்பதற்கே ஏறத்தாழ ஓர் ஆண்டு வேண்டும். தன் உழைப்பில் உண்டு உடுத்து வாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உயிரினங்களுள் இவ்வளவு நீண்ட காலம் பெற்றோரைச் சார்ந்திருக்கும் உயிர் வேறொன்று இருப்பது அரிது. இந்த நீண்ட சார்பை நாம் குறையாக நினைப்பதில்லை. அதற்காகவே குடும்பம், பள்ளி, ஊர் என்ற அமைப்புகளை உண்டாக்கிக் கொண்டிருக்கிறோம்.

சில குழந்தைகளுக்கு இச்சார்பு இன்னும் நீள்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் ஆகியோருள் பலருக்கு முப்பதிலும் ஐம்பதிலும் ஒருவருடைய துணை தேவைப்படும். சிலருக்கு நாள் முழுவதும் துணை வேண்டும். சிலருக்கு வங்கிக்குப் போகும்போது மட்டும் வேண்டும். இவர்களுடைய பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். மருத்துவம், பள்ளி, செலவு என்று எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "எங்களுக்குப் பின் யார்?"

இக்கேள்விக்குப் பெருமூச்சுதான் விடை என்று பலரும் எண்ணுகின்றனர். அப்படியல்ல. இதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விடை தேட முடியும். எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

டொனால்டின் வாழ்க்கை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்றொரு சிற்றூர். அங்கே 1933 ஆம் ஆண்டு டொனால்ட் டிரிப்லெட் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் அவர் யாருடனும் ஒட்டவில்லை. எண்களிலும் சுழலும் பொருள்களிலும் ஆழ்ந்து கிடந்தார். மருத்துவர்களின் யோசனைப்படி, நான்கு வயது நிரம்பும் முன்பே அவரை ஒரு காப்பகத்தில் விட்டனர். ஓராண்டளவில் பெற்றோர் மனம் கேட்காமல் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டனர். 1938 இல் பால்டிமோர் நகரில் இருந்த மருத்துவர் லியோ கானரிடம் காட்டினர். மகனைப் பற்றித் தந்தை எழுதி அனுப்பிய கடிதம் மட்டும் 33 பக்கம்! 1943 இல் கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் முதற் குழந்தை டொனால்ட்தான். ஆட்டிசம் என்ற நிலையை மருத்துவ உலகம் தனியே அடையாளம் காண அக்கட்டுரை வழிவகுத்தது.

அதன்பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். சிறுவன் டொனால்ட் சில ஆண்டுகள் ஓர் உழவர் தம்பதியின் பண்ணையில் வாழ்ந்தார். எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் அவரது பழக்கத்தை அந்த உழவர் தடுக்கவில்லை. சோளக் கொல்லையை உழுதபடியே வரிசைகளை எண்ணச் சொன்னார். டொனால்ட் பிறகு ஊர்ப் பள்ளியில் படித்தார், 1958 இல் கல்லூரிப் பட்டம் பெற்றார், குடும்பத்தார்க்குப் பங்கிருந்த உள்ளூர் வங்கியில் பல்லாண்டுகள் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடுகளுக்குச் சென்று வந்தார். 1980 இல் தந்தையும் 1985 இல் தாயும் மறைந்தனர். அதன்பின்னும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தம் சொந்த வீட்டிலேயே வாழ்ந்து, 2023 இல் தம் 89 ஆம் வயதில் காலமானார்.

கானர் 1971 இல் அந்தப் பதினொரு பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து மீண்டும் எழுதினார். பெரிய அரசு மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டவர்கள் முன்பு பெற்றிருந்த திறன்களையும் இழந்து முடங்கிப் போயிருந்தனர்.

"டொனால்டின் குடும்பம் பணக்காரக் குடும்பம் அல்லவா?" என்று கேட்பீர்கள். உண்மைதான். குடும்பத்தார் அமைத்த அறக்கட்டளை அவர் செலவுகளைக் கவனித்தது. ஆனால் பணம் ஒரு பங்குதான். வங்கியில் உடன் வேலை செய்தவர், தேவாலயத்தில் பார்த்தவர், கோல்ஃப் திடலில் உடன் ஆடியவர் என்று ஊரில் பலர் அவரை அறிந்திருந்தனர்.

ஒரு விளக்கு அணைந்தால்

பள்ளியில் மின்சாரப் பாடத்தில் இரண்டு வகை இணைப்புகளைப் படித்திருப்பீர்கள். தொடர் இணைப்பில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு விளக்கு பழுதானால் சரம் முழுவதும் அணைந்துவிடும். பக்க இணைப்பில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வழி உண்டு; ஒன்று அணைந்தாலும் மற்றவை எரியும். நம் வீட்டு விளக்குகள் அனைத்தும் பக்க இணைப்பில்தான் உள்ளன.

பெரும்பாலான வீடுகளில் இத்தகைய பிள்ளையின் வாழ்க்கை தொடர் இணைப்பாகவே அமைந்துவிடுகிறது. சோறு ஊட்டுவது அம்மா. மருந்தின் அளவு தெரிந்தவர் அம்மா. அவன் காதைப் பொத்திக்கொண்டால் என்ன பொருள் என்று அறிந்தவரும் அம்மா. அந்த ஒருவர் பத்து நாள் மருத்துவமனையில் படுத்தால் எல்லாம் நின்றுவிடும். அன்பு மிகுதியால் நேர்வது இது. ஆனால் பிள்ளைக்கு ஆபத்து. ஆகவே திட்டமிடுதல் என்பதன் சாரம், இந்தத் தொடர் இணைப்பைப் பக்க இணைப்பாக மாற்றுவதே. ஆள், திறன், பணம், சட்டம் ஆகிய நான்கு வழிகளிலும் இதைச் செய்ய வேண்டும்.

தலையில் உள்ளதைத் தாளில் எழுதுங்கள்

காசு செலவில்லாத முதல் வேலை, ஒரு குறிப்பேடு. பெற்றோரின் நினைவில் மட்டும் இருப்பவற்றை அதில் எழுதுங்கள். மருந்துகளின் பெயர், அளவு, நேரம். வலிப்பு வருவதுண்டா, வந்தால் என்ன செய்வது. ஒவ்வாத உணவு, ஒவ்வாத மருந்து. பல் வலித்தால் அவன் எப்படிக் காட்டுவான். மிக்ஸி சத்தம் பிடிக்காதா, முடி வெட்டுவதற்கு அஞ்சுவானா. கலங்கினால் எது அமைதிப்படுத்தும். யாரைக் கண்டால் மகிழ்வான். எந்த வேலையைத் தானே செய்வான். சான்றிதழ்களும் வங்கிப் புத்தகமும் எங்கே உள்ளன. இவ்வளவும் இருக்க வேண்டும்.

எழுதியதைச் சோதித்தும் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியோ மாமாவோ அந்தக் குறிப்பேட்டை மட்டும் துணையாகக் கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். எங்கே தடுமாறினார்களோ அங்கே குறிப்பு போதவில்லை என்று பொருள். இச்சோதனையால் இன்னொரு பயனும் உண்டு. பிள்ளையைப் புரிந்துகொண்ட இரண்டாம் ஆள் ஒருவர் உருவாகிறார். ஆண்டுக்கொரு முறை, பிள்ளையின் பிறந்த நாளன்று, குறிப்பேட்டைத் திருத்துவது நல்ல வழக்கம்.

ஒரு திறன், ஏழாயிரம் மணி நேரம்

பல் துலக்குவது நமக்கு ஒரு வேலை. உண்மையில் அது பத்துப் பன்னிரண்டு சிறு செயல்களின் கோவை. பற்பசை மூடியைத் திறப்பது, பிதுக்குவது, வலப்புறம் தேய்ப்பது, கொப்பளிப்பது, பிரஷைக் கழுவி வைப்பது என்று பிரிக்கலாம். சிறப்புக் கல்வியாளர்கள் இப்படிப் பிரித்துத்தான் கற்பிக்கின்றனர். சில வேளைகளில் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். மற்றவற்றை நாம் செய்து கொடுத்து, பிரஷைக் கழுவி வைப்பதை மட்டும் குழந்தையிடம் விடுவது; அது கைவந்தபின் அதற்கு முந்திய படி. இம்முறையில் குழந்தை ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சியோடு நிற்கிறது.

இதன் மதிப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். குளித்து உடுத்துவதைப் பிள்ளை தானே செய்யக் கற்றால், உதவியாளருக்கு நாளொன்றுக்கு அரை மணி மிச்சம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 182 மணிக்கு மேல். நாற்பது ஆண்டுகளில் 7,300 மணி! எந்தச் சேமிப்பும் இவ்வளவு வட்டி தராது. கூடவே, தன் உடலைப் பிறர் தொட வேண்டாத மானமும் பாதுகாப்பும் பிள்ளைக்குக் கிடைக்கின்றன.

"வேண்டாம்" என்று சொல்லவும் கற்பிக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளையானால் படத்தையோ சைகையையோ கொண்டு மறுக்கப் பழக்கலாம். எதற்கும் இணங்கும் பிள்ளை நல்ல பிள்ளை என்று நாம் பாராட்டுகிறோம். பெற்றோர் இல்லாத இடத்தில் அவ்விணக்கமே பிறர் தீங்கு செய்ய வழி திறந்துவிடும்.

பணத்தின் கணக்கு

இனி, பலரும் அஞ்சும் பகுதி. 72 என்ற எண்ணை ஆண்டு விகிதத்தால் வகுத்தால், ஒரு தொகை இரட்டிக்க ஆகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால் 72 ÷ 6 = 12. அதாவது இன்று மாதம் 15,000 ரூபாயில் முடியும் செலவு 12 ஆண்டில் 30,000 ஆகும். 24 ஆண்டில் 60,000 ஆகும். 36 ஆண்டில் 1,20,000 ஆகும். "பத்து லட்சம் போட்டு வைத்துவிட்டேன், வட்டியில் பிழைத்துக்கொள்வான்" என்ற எண்ணம் ஏன் தவறு என்று இப்போது விளங்கும்.

ஆகவே வட்டி விகிதத்தை மட்டும் பார்க்கக் கூடாது. வட்டி, விலையேற்றத்தைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்க்க வேண்டும். மாதம் 15,000 வீதம், அதாவது ஆண்டுக்கு 1,80,000 வீதம், 40 ஆண்டுகளுக்கு வேண்டும் என்று கொள்வோம். வட்டியும் விலையேற்றமும் சமமானால் இன்றைய மதிப்பில் 72 லட்சம் வேண்டும். வட்டி 1 சதவீதம் கூடுதலானால் சுமார் 59 லட்சம் போதும். 2 சதவீதம் கூடுதலானால் சுமார் 49 லட்சம். வட்டி 1 சதவீதம் பின்தங்கினாலோ 89 லட்சம் தேவைப்படும். ஒரு சதவீதம் என்பது எத்தனை பெரிய வேறுபாடு, பாருங்கள்!

இத்தொகையைக் கண்டு மலைக்க வேண்டாம். விலைவாசியோடு தானும் ஏறும் வருமானம் ஏதேனும் இருந்தால், அதை முதலில் கழிக்க வேண்டும். வீட்டு வாடகை அத்தகையது. பெற்றோருள் ஒருவர் பழைய ஓய்வூதிய முறையின் கீழ் வரும் மத்திய அரசு ஊழியராயின், தானாகப் பிழைக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு விதிகளின்படி வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பிள்ளையின் விவரங்களை அலுவலகத்தில் முன்னதாகவே தெரிவித்து வைப்பது நலம். இத்தகைய வழிகளில் மாதம் 5,000 வந்தால், மேற்சொன்ன 59 லட்சம் 39 லட்சமாகக் குறைகிறது.

அதையும் சேர்க்க முடியாத குடும்பங்களே நம் நாட்டில் மிகுதி. அவர்களுக்குப் பணவழி மெலிந்தது என்பதால், மற்ற மூன்று வழிகளும் அந்த அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளோர்க்கு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை, 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' என்னும் மருத்துவக் காப்பீடு ஒரு லட்ச ரூபாய் வரை செலவை ஏற்கிறது. இவை சிறு உதவிகளே எனினும், மாதந்தோறும் விண்ணப்பிக்காமலே வந்து சேரும் வழிகளை இன்றே திறந்து வைப்பது பெரிய காரியம்.

பதினெட்டாம் பிறந்த நாள்

18 வயது வரை பெற்றோரே இயற்கைப் பாதுகாவலர். பதினெட்டு நிறைந்த மறுநாளே சட்டத்தின் கண்ணில் பிள்ளை முழு மனிதர். அவர் சார்பில் கையெழுத்திடப் பெற்றோர்க்கும் உரிமை இல்லை. வங்கியிலோ சொத்துப் பதிவிலோ இது தெரியவரும்போதுதான் பலரும் திகைக்கின்றனர்.

இதற்காகவே 1999 இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1995 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 1999 சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கையும் ஏற்றது. இதன்படி உள்ளூர் அளவிலான குழு ஒன்று உண்டு. மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவர் அதில் இருப்பர். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால், பாதுகாவலர் தேவையா, எதற்குத் தேவை என்று ஆராய்ந்து குழு நியமிக்கும். நியமனம் பெற்றவர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்திற்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். அவர் பிள்ளையைப் புறக்கணித்தாலோ சொத்தைக் கையாடினாலோ நீக்கவும் வழி உண்டு. இக்குழு தரும் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் திறக்குமாறு 2007 இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

பாதுகாவலர் எல்லோருக்கும் தேவை என்று எண்ண வேண்டாம். ஆட்டிசம் உள்ள பலர் தம் முடிவுகளைத் தாமே எடுக்க வல்லவர். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்ற ஏற்பாட்டைக் கூறுகிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்திற்கு, அவருடைய விருப்பத்தையொட்டி, அவருடன் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். தேவைக்கு மேற்பட்ட பாதுகாவல் ஒருவருடைய உரிமையைப் பறிப்பதாகும்.

சொத்து வைத்திருப்போர் உயில் எழுதுவது இன்றியமையாதது. இரண்டு சாட்சிகள் வேண்டும். பயன் பெறுவோர் சாட்சியாக இல்லாதிருப்பது நல்லது. வங்கி வைப்பில் 'நாமினி' என்று பெயர் கொடுத்தால் பணம் அவருக்கே சொந்தம் என்று பலர் நினைக்கின்றனர். நாமினி வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. "எல்லாம் பெரியவன் பெயரில், தம்பியை அவன் பார்த்துக்கொள்வான்" என்ற வாய்மொழி ஏற்பாடும் அண்ணனுக்குச் சுமை, தம்பிக்குக் காப்பில்லை. 1882 ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி தனியார் அறக்கட்டளை ஏற்படுத்தி, இரண்டு மூன்று பேரைப் பொறுப்பாளராக்கலாம். பணத்தை நிர்வகிப்பவர் ஒருவர், பிள்ளையோடு வாழ்பவர் வேறொருவர் என்று பிரித்தால் ஒருவரை ஒருவர் கண்காணிக்க முடியும். இவற்றை வழக்கறிஞரிடம் கலந்தே செய்யுங்கள்.

அண்ணன், தங்கையின் மனத்தையும் கேளுங்கள். கேளாமலே ஏற்றப்பட்ட பொறுப்பு பிற்காலத்தில் கசக்கும். "உன்னால் எது முடியும்?" என்று கேட்டால், "வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன், கணக்கைக் கவனிப்பேன்" என்று ஒருவர் சொல்லலாம். அது மனமுவந்த உறுதி. அதன்மேல் திட்டம் கட்டலாம்.

கேட்டுப் பெறுவது

2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாடு 40 சதவீதத்திற்குக் குறையாதவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது 5 சதவீத இடம். அரசு வேலையில் 4 சதவீதம் ஆகியன உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற ஏற்பாடுகளையும் சட்டம் சொல்கிறது. இவை சலுகைகள் அல்ல. மூக்குக் கண்ணாடி அணிந்து தேர்வெழுதும் மாணவனுக்குச் சலுகை தந்தோம் என்று யாரும் சொல்வதில்லையே!

உரிமை சட்டப் புத்தகத்தில் இருப்பதாலேயே நடைமுறைக்கு வந்துவிடாது. கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் தேதி, கோரிக்கை, அதற்குரிய சட்டப் பிரிவு ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகை பெறுங்கள். "பள்ளியில் சரியாகக் கவனிப்பதில்லை" என்ற முறையீட்டுக்கு எவரும் விடை சொல்ல முடியாது. "கணிதத் தேர்வில் கூடுதல் நேரம் தர வேண்டும், சான்றிதழ் இணைத்துள்ளேன்" என்பதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் குறைதீர்க்கும் நாள், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் என்று படிகள் உள்ளன. இவை அனைத்திற்கும் நுழைவுச் சீட்டு, குறைபாட்டுச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையுமே. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கிவரும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் மதிப்பீடும் பயிற்சியும் அளிக்கிறது.

தனியே கேட்பதைவிடச் சேர்ந்து கேட்பது வலிது. 1962 இல் இங்கிலாந்தில் சில பெற்றோர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். முதலில் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டனர். பிள்ளைகள் வளர்ந்ததும், 1974 இல் வயது வந்தவர்களுக்கான இல்லத்தையும் தோற்றுவித்தனர். நம் நாட்டிலும் 1999 சட்டத்தின் பின்னே பெற்றோர் அமைப்புகளின் இடைவிடாத குரல் இருந்தது. உங்கள் ஊரில் ஐந்து குடும்பங்கள் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை கூடலாம். ஒருவர் பிள்ளையை மற்றவர் ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இல்லங்களைச் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். நல்ல இல்லமா என்று அறிய, முன்னறிவிப்பின்றி, வெவ்வேறு நேரங்களில் செல்லுங்கள். பிள்ளையை முதலில் இரண்டு நாள், பிறகு ஒரு வாரம் என்று தங்க வைத்துப் பழக்குங்கள். பெற்றோரை இழந்த அன்றே வீட்டையும் இழக்க நேர்ந்தால், அந்த மனம் இரண்டு இடியைத் தாங்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் பிள்ளையைக் கேளுங்கள். எங்கே தூங்கப் பிடிக்கும், யாரோடு இருக்கப் பிடிக்கும், என்ன வேலை செய்யப் பிடிக்கும் என்று பேச்சிலோ படத்திலோ கேட்டு, விடையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எண்ணும் பழக்கத்தைச் சோளக் கொல்லைக்குப் பயன்படுத்திய அந்த உழவர் செய்ததும் இதுதான்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் இத்தகைய பிள்ளை இல்லாமல் இருக்கலாம். உங்கள் தெருவில் இருக்கும். அவன் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்கு வந்தால் பேசுங்கள். அவனை அறிந்த ஒவ்வொருவரும் பக்க இணைப்பில் மேலும் ஒரு வழி. பெற்றோராக இருப்பீர்களானால், இன்றிரவு செய்ய வேண்டிய வேலை ஒன்றே: ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரையும், இரண்டாம் பக்கத்தில் மருந்தின் அளவையும் எழுதுங்கள். மற்றவை நாளை தொடரலாம்.